பக்கத்து நாற்காலியைக் கொடுங்கள்: சமரசர்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமரசர்களுக்குப் பயிற்சி கொடுக்கும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும், பட்டியலில் சேர்க்கும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

16 வருடங்கள் வழக்கறிஞராக இருந்தேன். இப்போது 11 வருடங்களாகச் சமரசராக, அதாவது தீர்ப்புச் சொல்லாமல் தகராறில் உள்ள இரு தரப்பும் பேசி முடிவுக்கு வர உதவுபவராக, இருக்கிறேன். புதிய சமரசர்களைப் பட்டியலில் சேர்ப்பதற்கான விண்ணப்பப் படிவம் ஒன்றைச் சில நாட்களுக்கு முன் பார்த்தேன். அதுதான் இந்த மடலை எழுத வைத்தது. எத்தனை வருடம் வழக்காடியிருக்கிறீர்கள் என்பது அதில் முதல் கேள்வி. பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்பது இரண்டாவது. இதுவரை எத்தனை தகராறுகளைச் சமரசத்தில் முடித்திருக்கிறீர்கள் என்பது மூன்றாவது. அவ்வளவுதான்.

என் முதல் வருட முடிவில் இந்தப் படிவத்தை என்னிடம் கொடுத்திருந்தால் மூன்று கேள்விக்கும் நல்ல பதில் எழுதியிருப்பேன். நீங்களும் என்னைச் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அந்த வருடம் நான் மோசமான சமரசராக இருந்தேன். மோசமாக இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. யாருக்குமே தெரியவில்லை. இந்த மடலில் நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

வக்கீல் தொழிலை ஏன் விட்டாய், சலிப்பா, தோல்வியா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு வழக்கில் ஜெயித்தேன், அதனால்தான் விட்டேன். (இந்த மடலில் வரும் வழக்குகளில், யாரென்று அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு பேர் கூட்டாக ஒரு பட்டறை நடத்தினார்கள். பிரியும்போது இயந்திரங்கள் யாருக்கு, கடன் யாருக்கு, பட்டறையின் பெயர் யாருக்கு என்று தகராறு. 9 வருடம் நடந்தது. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தோம், மேல்முறையீட்டிலும் ஜெயித்தோம். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துவிட்டுக் கட்சிக்காரருக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றார், வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டபோது, "நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல" என்றார். அந்த நகல் நான்கு வருடம் என் அலமாரியிலேயே கிடந்தது. பட்டறை எப்போதோ பூட்டப்பட்டு, இயந்திரங்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. எதற்காக வழக்குப் போட்டாரோ, அது தீர்ப்பு வந்தபோது இல்லை. அந்த வழக்கை நடத்திய விதத்தில் நான் ஒரு தவறும் செய்யவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதே மனுவைத்தான் எழுதுவேன். என்னை உறுத்தியதே அதுதான்.

அப்புறம் சமரசப் பயிற்சிக்குப் போனேன். பல நாடுகளில் இருப்பதைப் போல 40 மணி நேரப் பயிற்சி. பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் எப்படிப் பேச வேண்டும், கூட்டு அமர்வு எப்படி, தனி அமர்வு எப்படி, ஒரு தரப்பு தனியாகச் சொன்னதை மற்றத் தரப்பிடம் எப்போது சொல்லலாம், எப்போது கூடாது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்க நிர்வாகச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925 வாக்கில் சொன்ன நூலக ஜன்னல் கதையும் வந்தது. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள், காற்றும் வந்தது, முகத்தில் நேராக அடிக்கவும் இல்லை. இருவருக்குமே வேண்டியது கிடைத்தது. நல்ல கதைதான். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான தகராறுகளில் பக்கத்து அறை என்று ஒன்று இருக்காது. இருந்தாலும், ஜன்னலை யார் முதலில் மூடினார்கள் என்ற கோபம் தணியாமல் யாரும் அந்த அறைப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

பயிற்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் முதல் தகராறு என்னிடம் வந்தது. அறையில் நான் தனியாக இருந்தேன், எதிரே இரண்டு தரப்பு.

வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டவர் ஒருபக்கம், வீட்டுக்காரர் இன்னொரு பக்கம். வேலை பாதியில் நின்றுவிட்டது. செய்த கூடுதல் வேலைக்குப் பணம் வர வேண்டும் என்கிறார் கட்டியவர். கொடுத்ததே அதிகம் என்கிறார் வீட்டுக்காரர். இருபது நிமிடத்தில் நான் ஒப்பந்தத்தைப் படித்து முடித்துவிட்டேன். கூடுதல் வேலை எதுவானாலும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. கட்டியவரைத் தனியாகக் கூப்பிட்டு, கோர்ட்டுக்குப் போனால் இது நிற்காது என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். காகிதங்களை அடுக்கினார், எழுந்து போய்விட்டார். சமரசம் தோல்வி என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பிடிவாதக்காரர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்தவுடன் சொன்ன முதல் வார்த்தைகள் வேறு. "என் ஆளுங்க முன்னாடி என்னைத் திருடன்னு சொன்னாரு." இதை நான் குறிப்பேட்டில் எழுதவே இல்லை. தேதிகளை எழுதினேன், தொகையை எழுதினேன், ஷரத்து எண்ணை எழுதி அடிக்கோடு போட்டேன். ஒரு வழக்கறிஞருக்கு அந்த வாக்கியத்தால் எந்தப் பயனும் இல்லை, அதனால் காதில் விழுந்தும் தள்ளிவிட்டேன். ஞாபகத்தில் மட்டும் எப்படியோ தங்கியிருந்தது. இரண்டு வருடம் கழித்து வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான், அன்றைக்கு அந்த மனிதர் பணத்துக்காக மட்டும் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

உங்களில் பலரும் வழக்கறிஞர்களாகவோ நீதிபதிகளாகவோ இருந்தவர்கள் என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். வழக்காடுவதை நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? திறந்த நீதிமன்றத்தில். ஜூனியராகப் பின்வரிசையில் உட்கார்ந்து சீனியர்கள் குறுக்கு விசாரணை செய்வதை நாள்கணக்கில் பார்த்தோம். நாம் தப்புச் செய்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே பிடித்துக்கொள்வார். அவர் விட்டாலும் நீதிபதி விட மாட்டார். அவரும் விட்டால் மேல்முறையீடு இருக்கிறது. தீர்ப்புகள் அச்சில் வருகின்றன, ஐம்பது வருடத்துக்கு முன் ஒருவர் எங்கே சறுக்கினார் என்பதைக்கூட இன்றைக்கு எடுத்துப் படிக்கலாம். நம் தொழில் முழுவதும் தவறைப் பிடித்துத் திருத்துவதற்காகவே அமைந்தது.

சமரச அறையின் கதவு மூடியிருக்கிறது. மூடித்தான் இருக்க வேண்டும், அந்த ரகசியம் இல்லாவிட்டால் யாரும் மனதில் இருப்பதைப் பேச மாட்டார்கள். பதிவு கிடையாது. முன்தீர்ப்பு கிடையாது. குறிப்புகளைக் கூடக் கிழித்துப் போட்டுவிடுகிறோம். சமரசர் ஒருவர் தவறு செய்தால் எதிரே இருப்பவர்களுக்கு அது தவறு என்று தெரியாது. எழுந்து போவார்கள், அல்லது களைத்துப்போய்க் கையெழுத்துப் போடுவார்கள். சமரசர் அதே தவறோடு அடுத்த அமர்வுக்குப் போவார். 20 வருடம் இப்படியே போக முடியும். அதைத்தான் உங்கள் படிவம் அனுபவம் என்று எண்ணிக்கொள்ளும்.

என்னைக் காப்பாற்றியது தற்செயல்தான். ஒரு பெரிய தகராறில் இரண்டு தரப்பும் இரண்டு சமரசர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு முன்பே பல வருடம் இந்த வேலையில் இருந்த ஒரு அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்தேன். அவர் சட்டம் படித்தவர் இல்லை. தொழிற்சங்கத்தில் பேச்சுவார்த்தை நடத்திப் பழகி, அங்கிருந்து சமரசத்துக்கு வந்தவர். மூன்று மணி நேர அமர்வு. முடிந்த பிறகு தன் குறிப்பேட்டைக் காட்டினார். அதில் வழக்கைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் நான் பேசிய நேரம். மொத்தம் 70 நிமிடம். "இது அவங்க நேரம் தம்பி, நீ எடுத்துக்கிட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒன்றரை வருடம் அவர் பக்கத்தில் எத்தனை முறை இடம் கிடைத்ததோ அத்தனை முறையும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் அரை மணி நேரம் பேசுவோம். எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்பார். அந்த இடத்தில் ஏன் பேசினாய்? பேசாமல் இருந்திருந்தால் யார் பேசியிருப்பார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே உனக்குப் பதில் தெரியுமா?

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் துரத்தியது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது எனக்கு என் சீனியர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நல்ல பாடம், பல வழக்குகளில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. 16 வருடம் அப்படிக் கேட்டுக் கேட்டு, எனக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே வாய் வராமல் போயிருந்தது. சமரசத்தில் உதவுவது அந்த மாதிரிக் கேள்விதான். "இது இப்படியே இன்னும் மூன்று வருடம் போனால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டால், என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அழுகை வரலாம், வசவு வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது ஒரு வழக்கறிஞருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

லியோனார்ட் ரிஸ்கின் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1990களில் சமரசர்களைப் பற்றி ஒரு வரைபடம் போட்டார். ஒரு முனையில், தரப்புகளே பேசி முடிவெடுக்க உதவுகிறவர். மறுமுனையில், வழக்கின் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட்டுச் சொல்கிறவர். எது சரி என்ற சண்டை அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. எடைபோட்டுச் சொல்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை, சில சமயம் அதைக் கேட்பதற்காகத்தான் தரப்புகள் வருகின்றன. ஆனால் வக்கீலாக இருந்து வருகிறவர் வேண்டுமென்று யோசித்து அந்த முனைக்குப் போவதில்லை. கால் தானாக அங்கே போய் நிற்கிறது. போகிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

சட்டம் தெரிந்திருப்பதால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஒப்பந்தம் எழுதும் கடைசி ஒரு மணி நேரத்தில் என் பழைய தொழிலுக்கு நான் நன்றி சொல்லாத நாளே இல்லை. "கூடிய சீக்கிரம் கொடுக்கப்படும்" என்று எழுதி முடித்த சமரசம் ஆறு மாதத்தில் புதிய வழக்காகத் திரும்பி வரும். எந்தத் தேதி, எந்தக் கணக்கு, தவறினால் என்ன என்று எழுதத் தெரிய வேண்டும். குழந்தைகளின் உரிமையையோ அறையில் இல்லாத மூன்றாவது ஆளின் உரிமையையோ இரண்டு பேர் பேசி விட்டுக்கொடுக்க முடியாது என்பதும் தெரிய வேண்டும். அடிக்குப் பயந்து தலையாட்டுகிறவரைச் சம்மதித்தவர் என்று எழுதக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். இதையெல்லாம் வக்கீல் வேலைதான் எனக்குக் கொடுத்தது. ஆனால் அந்தக் கடைசி மணி நேரத்துக்கு முன்னால் பல மணி நேரம் இருக்கிறது.

காந்தி தென்னாப்பிரிக்காவுக்குப் போனதே ஒரு வழக்குக்காகத்தான். 1893. தாதா அப்துல்லாவுக்கும் தையப் சேட்டுக்கும் இடையே வியாபாரக் கணக்கில் 40,000 பவுண்டு தகராறு, இருவரும் உறவினர்கள் வேறு. வழக்கு நீண்டால் இருவருமே அழிவார்கள் என்று பார்த்து, இருவரையும் ஒரு நடுவரிடம் போக வைத்தார் காந்தி. நடுவர் தாதா அப்துல்லா பக்கம் தீர்ப்புச் சொன்னார், 37,000 பவுண்டும் செலவுத் தொகையும். இங்கேயே முடித்திருந்தால் காந்தி ஒரு நல்ல வக்கீல், அவ்வளவுதான். ஆனால் மொத்தத்தையும் உடனே கட்டச் சொன்னால் தையப் சேட் திவாலாகிவிடுவார், திவாலாவதை விடச் சாவதே மேல் என்று நினைக்கிற வியாபாரிகள் அவர்கள். காந்தி தன் சொந்தக் கட்சிக்காரரான தாதா அப்துல்லாவிடம் போய், நீண்ட காலத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். நடுவரிடம் போகச் சம்மதிக்க வைத்ததைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

என்னோடு உட்காரும் இளைஞர்களிடம் இந்தச் சம்பவத்தை அடிக்கடி சொல்வேன். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற சட்டக் கேள்விக்கு நடுவர் பதில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஜெயித்தவரை உட்கார வைத்து, எதிரே இருப்பவருக்கு எது தாங்காது என்பதைப் பார்க்க வைக்கிற வேலை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அதற்குப் பாடம் இல்லை.

பெரிய பெயர்களைக் காட்டி இன்னொரு வாதமும் வரும். அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் வழக்கறிஞராக இருந்தார், கூட்டாட்சி நீதிபதியாக இருந்தார், செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தார், பிறகு வட அயர்லாந்து அமைதிப் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கி 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தார், அவர் யார் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்று. அவரை நானும் வணங்குகிறேன். ஆனால் அவருக்கு 1996 ஜூனிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தது. உடன் இரண்டு இணைத் தலைவர்கள் இருந்தார்கள். அவர் எப்படி நடத்துகிறார் என்பதை இரண்டு அரசுகள் பார்த்துக்கொண்டிருந்தன. நாம் பட்டியலில் சேர்க்கும் ஆளுக்கு ஒரு பிற்பகல்தான் இருக்கிறது. அவரை யாரும் பார்ப்பதில்லை.

இப்போது இதை எழுத ஒரு அவசரமும் இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் நடந்த மாநாட்டில், ஹார்வர்டு பேராசிரியர் ஃபிராங்க் சாண்டர் பல கதவுகள் உள்ள நீதிமன்றம் என்ற யோசனையைச் சொன்னார். எந்தத் தகராறுக்கு எந்தக் கதவு பொருத்தமோ அந்தக் கதவைத் திறக்கலாம் என்பது அவர் எண்ணம். அரை நூற்றாண்டு கழித்து, சமரசக் கதவு வழியாகப் போயே ஆக வேண்டும் என்று சொல்கிற இடங்கள் கூடிவிட்டன. இத்தாலியில் பல வகை வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். துருக்கியில் 2018 முதல் தொழிலாளர் வழக்குகளுக்கு அப்படித்தான். இங்கிலாந்தில் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தரப்புகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேச அனுப்பி உத்தரவு போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடமே 10,000 பவுண்டு வரையிலான பணக் கோரிக்கைகளுக்கு ஒரு மணி நேரத் தொலைபேசிச் சமரசம் கட்டாயமானது. தானாக விரும்பி வந்தவர், பிடிக்காவிட்டால் வேறு சமரசரைத் தேடிப் போவார். அனுப்பப்பட்டு வந்தவர் எங்கே போவார்? கட்டாயம் கூடக்கூட, அந்த அறையில் யாரை உட்கார வைக்கிறீர்கள் என்ற உங்கள் பொறுப்பும் கூடுகிறது.

2019 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட சிங்கப்பூர் உடன்படிக்கை, நாடுகளுக்கு இடையிலான வணிகச் சமரசங்களை நேரடியாக நிறைவேற்ற வழி செய்கிறது. அதன் 5ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சமரசர் தமக்குரிய நெறிகளை மோசமாக மீறி, அந்த மீறல் இல்லாவிட்டால் ஒரு தரப்பு கையெழுத்தே போட்டிருக்காது என்றால், அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுக்கலாம். சமரசரின் தவறு முழு ஒப்பந்தத்தையும் சாய்க்கும் என்று உலகமே ஒப்புக்கொண்டு எழுதிவிட்டது. ஆனால் அந்தத் தவறு நேரும் இடத்தில் அதைப் பார்த்துத் திருத்த ஆள் வைக்க நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, நான் கேட்பது இதுதான். ஒருவரைத் தனியாக ஒரு அறைக்கு அனுப்பும் முன், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் குறைந்தது பத்து அமர்வுகளாவது அவரை உட்கார வையுங்கள். முதல் சில அமர்வுகளில் பேசாமல் பார்க்கட்டும், பிறகு தொடக்க உரையை மட்டும் அவர் பேசட்டும், பிறகு ஒரு தனி அமர்வை அவர் நடத்தட்டும். அப்புறம் நாற்காலியை மாற்றுங்கள். அவர் நடத்த, அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு அரை மணி நேரம் பேசுவதையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். ரகசியம் போய்விடுமே என்பார்கள். கூட உட்காருகிறவரும் அதே ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்தான், தரப்புகளிடம் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் உட்கார வேண்டும். நான் கேட்ட தரப்புகளில் மிகச் சிலர்தான் வேண்டாம் என்றிருக்கிறார்கள். இரண்டு பேர் கேட்கிறார்கள் என்பதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது.

நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை. ஜெர்மனியில் சான்று பெற்ற சமரசர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள 2017 முதல் 120 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று இருந்தது, தான் நடத்திய அமர்வைப் பற்றி மேற்பார்வையாளர் ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேசவும் வேண்டும். 2024இல் அதையும் இறுக்கி, அப்படி மேற்பார்வையோடு 5 சமரசங்கள் முடித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எத்தனை மணி நேரம் என்ற எண்ணைவிட எனக்கு அந்த 5 சமரசங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

வழக்காடிய வருடங்களை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். துருக்கி மாதிரி சில இடங்களில் சட்டப் படிப்பும் 5 வருடத் தொழில் அனுபவமும் இல்லாமல் சமரசர் ஆகவே முடியாது. அந்த விதி இருந்திருந்தால் எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்த அம்மா பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டார். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் 13 நாள் எகிப்தையும் இஸ்ரேலையும் பேச வைத்த அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கடற்படையில் இருந்தவர், விவசாயி. முதல் சில நாட்களுக்குப் பின் இரண்டு தலைவர்களையும் நேருக்கு நேர் உட்கார வைப்பதை நிறுத்திவிட்டு, ஒரே வரைவை இருவரிடமும் மாறி மாறி எடுத்துப் போனார். கடைசியில் இஸ்ரேல் பிரதமர் பெகின் கிளம்பிவிடுவார் என்ற நிலையில், அவருடைய பேரக்குழந்தைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்ட புகைப்படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இதைச் செய்யத் தோன்றுவதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை.

முடித்த தகராறுகளின் எண்ணிக்கையை வைத்துச் சமரசர்களை வரிசைப்படுத்துவதையும் நிறுத்துங்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நானே அந்த எண்ணுக்காக வேலை செய்திருக்கிறேன். இரவு ஒன்பது மணி வரை ஒரு பெண்ணை அறையில் உட்கார வைத்து, "இன்னும் ஒரே ஒரு விஷயம்தான்" என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். என் கணக்கில் அது வெற்றி. சில வாரங்களில் அந்த ஒப்பந்தம் உடைந்தது, அது யார் கணக்கிலும் ஏறவில்லை. அவர் அன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். ஆறு மாதம் கழித்து இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, ஒப்பந்தம் நிற்கிறதா, உங்கள் பேச்சைக் கேட்டார்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சமரசம் ஆகாமல் போனவர்களையும் கேளுங்கள். அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், யாரும் பேசுவதில்லை. முதல் மூன்று வருடம் சமரசத்தில் வந்த வருமானத்தில் என் வீடு நடக்கவில்லை. வழக்குகளையும் நடத்திக்கொண்டுதான் இதைச் செய்தேன். அதில் ஒரு சிக்கல். நேற்றைய கட்சிக்காரர் சம்பந்தப்பட்ட தகராறில் இன்றைக்கு நான் சமரசராக உட்கார முடியாது. வழக்குகளை எடுக்க எடுக்கச் சமரசத்தில் என் கதவுகள் மூடின. பட்டியலில் வயதானவர்களே நிறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம், ஓய்வூதியமோ சேமிப்போ இருப்பவர்கள்தான் இந்த இடைக்காலத்தைத் தாங்க முடிகிறது. இன்னொன்று இதைவிட ஆபத்தானது. சமரசரிடம் வேலை அனுப்புகிறவர்கள் வழக்கறிஞர்களும் பெரிய நிறுவனங்களும்தான். எதிரே இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைதான் இங்கே வருவார், மற்றவர் அடுத்த மாதமும் வருவார். அடுத்த மாதமும் வரப்போகிறவரைப் பார்த்து நம் முகம் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை ஒருமுறை என் முகத்தில் அந்த அம்மாதான் பிடித்தார். தனியாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆகவே உட்காரும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், முடிந்தாலும் முடியாவிட்டாலும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறவருக்கும் கொடுங்கள், கொஞ்சமாக இருந்தாலும் சரி.

அந்த அம்மா இரண்டு வருடம் முன்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் உட்காரும் நாற்காலியை அறையிலிருந்து அகற்ற நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் எனக்கு நான்கு அமர்வுகள் இருக்கின்றன. இரண்டு குடும்பச் சொத்துத் தகராறு, ஒன்று கூட்டு வியாபாரம், இன்னொன்று ஒரு நிறுவனமும் அதில் வேலை பார்த்து நீக்கப்பட்டவரும். நான்கிலும் தரப்புகளிடம் கேட்டுவிட்டேன், இன்னொருவர் கூட இருப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். அமர்வு முடிந்ததும் அரை மணி நேரம் இருக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் உள்ள ஒரு சமரசர்